வக்கா மரத்துச் சட்டம்

ஜனவரி 3

இல்லை, அதை யாரும் ரத்து செய்யவில்லை. இதுதான் வேடிக்கை. கொடி மாறிவிட்டது, பணம் மாறிவிட்டது, கடிகாரம்கூட டோக்கியோ நேரம் காட்டுகிறது. பறவைச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜப்பான்காரனின் புதிய ஆட்சி ரத்து செய்யாத பழைய சட்டமெல்லாம் செல்லும் என்று உத்தரவு. இதை ரத்து செய்ய யாருக்கும் நினைவு வரவில்லை போல.

வறண்ட காற்று. மழை இல்லை. பொதுப்பணி அலுவலகத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டப் புத்தகங்களைப் பிரிக்கும் வேலை. எரிப்பவை ஒரு பக்கம், வைப்பவை ஒரு பக்கம். சிங்கப்பூரில் இரண்டு வருடம் கல்லூரியில் படித்ததன் பயன்: எதை எரிக்கலாம் என்று சொல்லத் தெரிகிறது.

கூடு கட்டியிருக்கும் காலத்தில் காட்டுப் பறவைகளைக் கொல்லக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது, முட்டை எடுக்கக் கூடாது. ஒரே பக்கம். இரண்டு முறை வாசித்தேன்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். அந்த இடத்தில் ராணுவத்துக்குக் கிடங்கு கட்டப் போகிறார்கள். கட்டுவது எங்கள் அலுவலகம்தான். வரைபடம் என் மேசை வழியாகப் போனது. மரங்களின் மேல் பென்சிலால் இரண்டு பெருக்கல் குறி.

மரம் நிறைய வக்காப் பறவைகள். கூட்டில் குஞ்சுகள்.

ஜனவரி 4

காற்று. கண்ணில் தூசி.

வக்காவை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மழையில் நனைந்த கிழவன்போல் உட்கார்ந்திருக்கும். கண் சிவப்பு. இருட்டும்போது ஆற்றுப் பக்கம் போகும், விடியும்போது வயிறு நிறைய மீனோடு திரும்பும். மரத்தடி முழுக்க எச்சம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் துணி காயப்போடுகிறாள். "கோடாலி எப்ப வரும்? சைவ வீட்டுப் பின்னால இந்த மீன் நாத்தமா?"

குஞ்சுக்கு ஊட்டும்போது தவறும் மீன் கீழே விழுகிறது. காலையில் பெண்கள் வந்து பொறுக்குகிறார்கள். பக்கத்து வீட்டு மீனாச்சி அக்காவும். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த செட்டிக் குடும்பம், பூஜை அறையில் விபூதி, வாயில் மலாய். நாங்கள் பேசுவதும் மலாயில்தான், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். தகவல் இல்லை. மாமியார் போன வருடம் கால் வீங்கிச் செத்துப்போனாள். இப்போது தனி.

சுண்டுவிரல் நீள மீன் ஒன்றை ஊதிக் காட்டினாள். வக்காவுக்கு மலாயில் பூச்சோங்; வயதில் இளையவர் என்பதால் நான் ஆடிக். "பார் ஆடிக், இந்தப் பூச்சோங் பெரிய மனசுக்காரன். தான் தின்னுட்டு நமக்கும் போடறான். நிப்பொன்காரன் போடுவானா?"

"மெல்லப் பேசு அக்கா."

"மரவள்ளி தின்ன வாயில சத்தமா வரும்?"

ஜனவரி 5

காதர் நானாவிடம் சொன்னேன். எங்கள் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரனுக்கும் இவர்தான் கிராணி.

"என்ன புள்ள, ஆளுக்கே சட்டம் இல்ல. கொக்குக்கா?"

"கொக்கு இல்ல நானா. வக்கா."

"ரெண்டும் கொழம்புல ஒண்ணுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தாளுகிட்ட கொண்டுபோகாத. ஒண்ணக் கையில எடுத்தான்னா கீழ வைக்கத் தெரியாது அவனுக்கு."

கொண்டுபோனேன்.

எங்கள் ஜப்பானிய அதிகாரி மோரி-சானின் மேசையில் ஒரு மூங்கில் கூண்டு. உள்ளே சின்னப் பச்சைக் குருவி. குச்சியில் பப்பாளித் துண்டைக் குத்தி ஊட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி, எழுந்து நின்று, அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தார். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக, படியேறுவதுபோல்.

"இது சட்டமா?"

"ஆமாம்."

"ரத்தாகவில்லை?"

"இல்லை."

"அப்படியானால் சட்டம்."

குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தைத் தொடவேண்டாம், அஸ்திவாரத்தை மறு பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்றார். பலகை வைக்க வேண்டும், காவல் போட வேண்டும். என்னைப் பார்த்து முதல் தடவையாகத் தலையசைத்தார். நானும் குனிந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ. இதையும் எழுதிவைக்கிறேன்.

வெளியே வந்ததும் நானா: "கூண்டுல இருக்கறதுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டியா?"

ஜனவரி 7

பலகை வந்துவிட்டது. எழுத்து என்னுடையது. தமிழ், மலாய். கீழே அவருடைய சிவப்பு முத்திரை.

கொல்லக் கூடாது. கூட்டைக் கலைக்கக் கூடாது. முட்டை எடுக்கக் கூடாது. மரம் வெட்டுவதை நிறுத்த இரண்டாவது வரி மட்டும் போதும். மூன்றும் இருந்தால் ஓசை நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

காவலுக்கு மாட் என்ற ஜாகா. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினான். மீன் பொறுக்க வந்த பெண்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். மீனாச்சி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே.

கேட்டுக்கொண்டு நின்றாள். "நம்ம வீட்டு வாசல்ல இப்படி ஒண்ணு மாட்டித் தருவாங்களா ஆடிக்?"

சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "நாத்தத்துக்குக் காவல்காரன் வேற."

சோப்பு தீர்ந்துவிட்டது. செருப்பு வார் தைக்க வேண்டும்.

இரண்டு வருடமாக எல்லாம் நடந்துகொண்டே இருந்தது. இன்று ஒன்று நின்றிருக்கிறது. நான் நிறுத்தியது. தூக்கம் வந்தது.

ஜனவரி 9

ஞாயிறு. மீனாச்சி அக்கா வீட்டில் பர்ச்சுவுக்கு ஏற்பாடு. போகியன்று செத்தவர்களுக்குப் படைப்பது. செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை; யாருக்கு எது பிடிக்குமோ அது அந்த இலையில் இருக்க வேண்டும். குறைந்தால் அவர்கள் பசியோடு திரும்பிப் போவார்கள். மாமியாருக்கு இது முதல் பர்ச்சு.

"கிழவிக்கு முட்டை சம்பால்னா உசுரு. சாகற அன்னிக்குக்கூட முட்டை இருக்கான்னு கேட்டா."

முட்டை மார்க்கெட்டில் இல்லை. இருந்த கோழியெல்லாம் ராணுவச் சமையலறைக்குப் போய்விட்டது.

"அவருக்கும் இலை போடச் சொல்றாங்க சொந்தக்காரங்க. சயாம்லேருந்து வராதவன் எல்லாம் செத்தவனாம். நான் போடமாட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு இலை போட்டா அதுவே அவனைக் கொண்டுபோயிடும்." பிறகு மரத்தைப் பார்த்து, "மேல எவ்வளவு முட்டை இருக்கும்?"

"சட்டம் இருக்கு அக்கா" என்றேன்.

நான் சொன்ன தோரணை இப்போது காதில் கேட்கிறது.

ஜனவரி 11

வெயில். எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மீனாச்சி அக்காவை மாட் பிடித்துவிட்டான். விடிவதற்கு முன் துறட்டியின் நுனியில் கூடை கட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டியிருக்கிறாள். தாழ்ந்த கிளையில் ஒரு கூடு. இரண்டு முட்டை, நீலம் கலந்த பச்சை. பலகை எங்களுடையது என்பதால் நேரே எங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டான். அவளுக்கும் மோரி-சானுக்கும் நடுவே மொழிபெயர்க்க நான்.

முட்டைகள் மேசைமேல், கூண்டுக்குப் பக்கத்தில்.

"சட்டம் தெரியுமா என்று கேள்" என்றார்.

கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தெரியும். நீதானே வாசிச்சுக் காட்டின?"

நான் ஆங்கிலத்தில் சொன்னது: "தெரியும் என்கிறாள்."

பின்பாதியை விட்டுவிட்டேன். எனக்காக விடத் தெரிந்தது. "தெரியாது என்கிறாள்" என்று முழுவதையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம், அவருக்கு மலாய் தெரியாது, திட்டி அனுப்பியிருப்பார். அது அங்கே தோன்றவே இல்லை. படியிறங்கும்போதுதான் தோன்றியது. இதற்குத்தான் படித்தேன். சொன்னதைச் சரியாகச் சொல்ல.

மோரி-சான் இரண்டு அறை விட்டார். அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. பிறகு முற்றத்தில் வெயிலில் முட்டி போடச் சொன்னார். சாயங்காலம் போலீஸ் அடைப்புக்கு அனுப்பினார்கள். எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாளை மறுநாள் பர்ச்சு.

காதர் நானா தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். குடிக்கவில்லை.

ஜனவரி 12

காலையிலேயே ரம்பச் சத்தம். நம்பாமல் ஓடினேன். ஒரு மரம் சாய்ந்து கிடக்கிறது. கூடுகள் சுள்ளிக் குவியலாக. குஞ்சுகள் தரையில், வாயைத் திறந்துகொண்டு. பெரிய பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகின்றன.

ராணுவத்திலிருந்து ஒரு தாள் வந்ததாம், கிடங்கு உடனே வேண்டும் என்று. மோரி-சான் எதிரே போய் நின்றேன். சட்டம் என்றேன்.

"ராணுவ வேலையை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது."

"அப்படியானால் அந்தப் பெண்?"

"அவள் ராணுவம் இல்லையே." கேலி இல்லை. உண்மையாகவே விளக்கினார். குருவிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே.

பலகையை எடுக்க உத்தரவு இல்லை. அதனால் அது இருக்கிறது. மாட்டும் இருக்கிறான். கயிறும். கயிற்றுக்கு வெளியே கம்போங் ஜனம் நிற்கிறது. கறி தின்று மாதக்கணக்கானவர்கள். விழுந்து கிடக்கும் குஞ்சுகளைப் பார்க்கிறார்கள். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. மீனாச்சிக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் எறும்பு வந்துவிட்டது.

ஒரு கிழவர் சொன்னது: "எழுதி வச்சிருக்காங்களே, தொடக் கூடாதுன்னு. எறும்புக்கு வாசிக்கத் தெரியாது, அதிர்ஷ்டக்காரன்."

அம்மா சாயங்காலம்: "நாத்தம் இன்னும் அதிகமாயிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 13

போகி. காற்று நின்றுவிட்டது.

இரண்டாவது மரத்தையும் காலையில் சாய்த்தார்கள். மத்தியானம் மீனாச்சி அக்காவை விட்டார்கள். விடுவதற்கு முன் மோரி-சான் அவளை இங்கே கொண்டுவந்து, பலகைக்கு முன்னால் குனிந்து வணங்கச் சொன்னார். பலகைக்குப் பின்னால் இரண்டு அடிமரம், மரத்தூள், வானம். குனிந்தாள். போதாது என்றார். இன்னும் குனிந்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முறையும் கையாலேயே காட்டினார். காரில் ஏறிப் போனார்.

அவள் என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "அக்கா" என்றேன். நிற்கவில்லை. வாசலைப் பெருக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாழையிலை வெட்டும் சத்தம். சொந்தக்காரப் பெண் ஒருத்தி உள்ளேயிருந்து கேட்டாள்: "இலையில என்ன வைக்கப் போற?" அவள் சொன்னது: "மரவள்ளி. உப்பு. தண்ணி. கிழவி கோவிச்சுக்கட்டும். நான் கோவிச்சுக்கலியா?"

கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தேன். நேற்று விழுந்தவை கெட்டுவிட்டன. இன்று காலை விழுந்தவற்றில் தேறியவற்றைப் பொறுக்கினேன். இறகு பாதி முளைத்தவை. எடை இருந்தது. இவ்வளவு எடை இருக்கும் என்று நினைத்ததில்லை. கயிற்றுக்கு வெளியே ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது.

மாட் வந்தான். "சிக்," என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டு, "நோட்டீஸ் இருக்கு" என்றான்.

"தெரியும். எழுதினது நான்."

பலகையைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். கார் போய்விட்டது. உயிரோடு இருந்த இரண்டின் கழுத்தைத் திருக எனக்குத் தெரியவில்லை. அவன் வாங்கிச் செய்து கொடுத்தான். ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றான். கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

கூடையைச் சுவருக்கு மேலாக நீட்டினேன். மீனாச்சி அக்கா என்னைப் பார்க்கவில்லை. கூடைக்குள் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

எங்கள் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அம்மா இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு மீனாச்சி அக்கா வீட்டுப் பின்பக்கம் போய், உட்கார்ந்து இறகு பிடுங்கினேன்.