உன் ஊர் விதை பன்றிக்குப் போன கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். மனசு எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்து மாடி ஏறி இறங்குகிறாள், இறங்கும்போது மட்டும் தெருவையே கூப்பிடுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததே, இனி மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், கை தவறி இல்லை, கோபத்தில்தான் வைத்தேன். "அம்மா, இதைப் போய் பெரிசு பண்ணாதீங்க, அப்பா பாவம்" என்றாய். பெரிதா சிறிதா என்று இதைப் படித்துவிட்டுச் சொல்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். மலைச்சரிவில் இருக்கும் பழைய ஓக் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் மரநடவுக் குழுவை ஆரம்பித்தோம். இன்று நடுகிற கன்று பெரிய மரமாகும்போது இங்கே அடிக்கப்போவது இன்றைய வெயில் இல்லை, இப்போது உன் ஊரில் அடிக்கிற வெயில். அதனால் நம் ஊர் விதை பாதி, உன் ஊர் ஓக் மரத்து விதை பாதி போடுவோம் என்று சொன்னவள் நான். எத்தனை பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். சூட்டு ஊர்க் கன்று இங்கே அவசரப்பட்டு முன்னாலேயே துளிர்விடும், கடைசிப் பனி வந்து கருக்கிவிடும் என்றார்கள். நியாயமான பயம்தான், அதற்காகத்தானே முழுக்க மாற்றாமல் பாதி என்றேன். வீடு வீடாகப் படியேறித் தொண்டை வற்றப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நீயும் லீவு நாளெல்லாம் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் குனிந்து குனிந்து பொறுக்கி, ஓக் கொட்டை காய்ந்தால் முளைக்காமல் செத்துவிடும் என்று ஈரச் சாக்கில் கட்டி அனுப்பினாய். அந்த மூட்டையைப் பிரித்தபோது உன்னையே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. நாற்றங்கால் அப்பா பொறுப்பு. சிவப்பு நாடா கட்டிய பாத்தி உன் ஊர் விதை, நாடா இல்லாதது நம் ஊர் விதை என்று அவரே பிரித்தார், பிறகு சரிவில் நட்டபோதும் வரிசை வரிசையாக அவரே நாடா கட்டினார்.

போன வருடப் பனியில் சிவப்பு நாடாக் கன்று ஒன்றுகூடக் கருகவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டத்தில் எழுந்து, பயந்தீர்களே, இப்போது பாருங்கள், வடக்குச் சரிவு முழுவதும் அந்த விதையையே போடலாம் என்று மார்தட்டினேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். விஷயம் பரவி, பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், கூடவே வனத்துறை அம்மா ஒருத்தி. நாற்றங்காலில் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் எல்லாம் ஒன்றாகத்தான் துளிர்க்கும், நட்ட முதல் வருடம் கன்று மிரண்டுபோயிருக்கும், இந்த வருடம்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஒரு வரிசை பச்சையாகவும் அடுத்த வரிசை மொட்டாகவும் நிற்கும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் சரிவு முழுவதும் ஒரே பச்சை. வந்தவர்கள் அழகு அழகு என்று போட்டோ எடுக்கிறார்கள், நான் சிவப்பு நாடாவைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த அம்மா ஒவ்வொரு வரிசையிலும் குத்துக்காலிட்டுப் பார்த்துவிட்டு, என் மனசு நோகக்கூடாதென்று மெதுவாக, "எல்லாம் ஒரே இடத்து விதை மாதிரி இருக்குங்களே" என்றாள். உடனே நம் பின்தெருப் பன்றிப்பண்ணைக்காரர், ஊருக்கே தெரிந்த சேதி போல, "ஆமாங்க, அந்த வெளியூர்க் கொட்டையெல்லாம் அண்ணன் என் பன்னிங்களுக்குல்ல போட்டாரு, அந்த வருஷம் என்னமா கொழுத்துச்சுங்க" என்றார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. வேனில் வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

நம் ஊர் விதையையே போட்டுவிட்டு எதற்குச் சிவப்பு நாடா கட்டினீர்கள் என்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "கன்னு கருகிப்போயிருந்தா ஊரே உன்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும், உன் மானத்தைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்" என்றார். சரிவராது என்று தோன்றியிருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே, சண்டை போட்டிருப்பேன், போட்டுவிட்டுச் சாப்பாடும் போட்டிருப்பேன் என்றேன். அவரோ தனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி, "பாப்பாவுக்கு அப்பவே தெரியும்" என்றார். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

இத்தனை வருடமாக நீ என் காதில் பூ சுற்றியிருக்கிறாய் பாப்பா. உன் ஊர்க் கன்று உன் ஊர்க் கன்று என்று நான் போட்டோ எடுத்து எடுத்து அனுப்பினேனே, "ஆமாம்மா, எங்க தெரு மரத்து இலை மாதிரியே இருக்கு" என்றாயே, அதைச் சொல்லும்போது உனக்கு ஒன்றுமே உறுத்தவில்லையா? அப்பா சொன்னபோது சும்மா இருந்தாய், அதையாவது பயம் என்று வைத்துக்கொள்ளலாம். இலையைப் பற்றி யார் உன்னைக் கேட்டார்கள்? பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிந்தவள் நீ, நியாயமாக எனக்கு முன்னால் நீதான் குதித்திருக்க வேண்டும். நீயோ நான் கண்ணாடிச் சாமான் என்று முடிவு கட்டிவிட்டாய்.

நீ போனில் என்னைத் தடுக்கப் பார்த்ததும் எதற்கென்று புரிந்தது. கூட்டத்தில் சொன்னால் அப்பா தலை குனியும் என்று. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பனியைத் தாங்கிய விதை என்று என் பேச்சை நம்பி வடக்குச் சரிவு முழுவதும் அதையே போடுவார்கள். அது தாங்குமா தாங்காதா என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, நாம் சோதித்துப் பார்க்கவே இல்லையே. ஆகையால் நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். அப்பா வரவில்லை. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி பாதிக்குப் பாதி, ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்ப்போம், விதையும் நாற்றங்காலும் இனி உள்ளதை உள்ளபடி சொன்ன பன்றிப்பண்ணைக்காரர் பொறுப்பு என்று முடிவு செய்தார்கள். அதைச் சொல்லும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பாவோடு இரண்டு வேளைச் சாப்பாட்டு நேரம் மட்டும் பேசுகிறேன், உப்பு போதுமா என்ற அளவுக்கு. அவர் மேல் இருக்கிற கோபம் ஆறிவிடும், ஒரே வீட்டில் இருக்கிறோம், முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆறிவிடும். உன்னிடம்தான் எனக்கு வழி தெரியவில்லை. உன் குரல் ஒன்றுதான் எனக்கு அங்கிருந்து வருகிறது. குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது என்று சொன்னாய். உண்மையிலேயே விட்டுவிட்டதா, இல்லை அம்மா கவலைப்படுவாள் என்று சொன்னாயா?

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், அதில் எந்தக் கோபமும் குறுக்கே வராது. கொட்டை விழ ஆரம்பித்ததும் மறுபடி பொறுக்கி அனுப்பு, சாக்கு ஈரமாக இருக்கட்டும். நம் வீட்டு முகவரிக்கு அனுப்பாதே, பன்றிப்பண்ணைக்கு அனுப்பு. குழுவில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
எதையும் தாங்கக்கூடிய உன் அம்மா