பாயின் கியர்பாக்ஸில் புகுந்த தண்ணீர்

இன்று காலை ஒரு ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் அடித்திருகைக் கழற்றினேன். தட்டில் ரோஸ்மில்க் வடிந்தது. சிவப்பு எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது. நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

பழவேற்காட்டு இறால் வியாபாரி பாய்க்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் போயிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் கார் இருந்தால்தான் அவருக்கு நடமாட்டம். அப்போதெல்லாம் நம் பக்கம் அந்த மாதிரிக் கார்கள் அபூர்வம். காக்களூரில் நம் இருவர் ஷெட்டை விட்டால் அவர் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வருடம் ஐப்பசி மழையில் அவர் கார் பொன்னேரியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றது. எடுத்துவர நான் போனேன். புதிதாக வாங்கியிருந்த செல்போனில் நீ கூப்பிட்டாய்.

"ஸ்டார்ட் பண்ணாத. முன்சக்கரத்தத் தூக்கிக் கட்டி இஸ்துகினு வா."

இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. காக்களூர் வரை ஓட்டியே வந்தேன். சாதா கியர்பாக்ஸில் பழகிய புத்தி. எண்ணெயை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ கேட்டபோது, இழுத்து வந்ததாகச் சொன்னேன்.

ஒருமுறை வடித்தால் பாதிதான் வரும், மீதி எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கன்வர்ட்டரில் தங்கிவிடும் என்று நீ விடவில்லை. புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியர்களை ஒவ்வொன்றாக மாற்றி, மறுபடி வடித்தாய். ஒவ்வொரு முறையும் தோசைக்கல்லைக் காயவைத்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாய். தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி வெடிக்கும். நான்காம் முறை கல் சத்தம் போடவில்லை. உன் முகத்தில் நிம்மதி. நான் வடிதட்டைக் கழுவப் போனேன்.

மூன்றே வாரத்தில் கியர் வழுக்கியது. உள்ளே கியரைப் பிடிக்கும் தட்டுகளில் ஒட்டியிருந்த காகிதப் படலம், ஊறிய நிலையில் அவ்வளவு தூரம் ஓடியதில் உரிந்து போயிருந்தது. என்மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லை. பாயிடம் நீயே போய் நின்றாய்.

"உள்ள கொஞ்சம் தண்ணி நின்னுட்ச்சி போல பாய். தப்பு என்னுதுதான்."

புதுத் தட்டுகள் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை பாய் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்த இரண்டு மாதத்தில் என்றாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் சேர்ந்து டீ குடித்தோம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

பாய் இன்னும் நம் ஷெட்டுக்குத்தான் வருகிறார். வண்டியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்ததும் உன் பேச்சுதான்.

"தப்ப ஒத்துக்கினான் பாரு உன் கூட்டாளி, அதுக்கோசரம்தான் நான் வேற எங்கியும் போவல."

ஆமாம் பாய் என்று நானும் தலையாட்டுகிறேன்.