தூங்க மட்டும் அப்பா வீடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

போன மாதம் திடீரென்று, "வாரத்துல நாலு ராத்திரி அவ என்னோட இருக்கட்டும்" என்றீர்கள். பிரிந்த பிறகாவது பாசம் பொத்துக்கொண்டு வருகிறதே என்று நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தேன்.

நேற்று ஜீவனாம்ச அலுவலகத்து அம்மாள்தான் என் கண்ணைத் திறந்தார். "புது விதிப்படி, குழந்தை அவர் வீட்டுல எத்தனை ராத்திரி தூங்குதோ, அதுக்கேத்த மாதிரி அவர் தர்ற பணம் குறையும்மா."

நான் சாப்பிட வைத்து, வீட்டுப்பாடம் முடிக்க வைத்த பிறகு வந்து அழைத்துப் போகிறீர்கள். விடிந்ததும் பல்கூடத் தேய்க்க வைக்காமல் வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். லாட்ஜில்கூடக் காலையில் ஒரு காபி கொடுப்பார்கள்!

"அப்பா வீட்டுல என்னடி பண்ணினே?" என்று கேட்டேன்.

"தூங்கினேன்மா. அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறாரு?"

ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய தொகையே தொடர வேண்டும், அதையும் உங்கள் கம்பெனியே சம்பளத்தில் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உங்கள் அண்ணனைத் தூது அனுப்பாதீர்கள், நான் மசிய மாட்டேன். இனி ராத்திரிகளில் அவள் இங்கேயே தூங்குவாள்.

இன்னொன்று. சைக்கிள் பழகுகிறாள். முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு. நான் பிடித்தால் நம்பிக்கை இல்லையாம். "அப்பா புடிச்சா விழமாட்டேன்" என்கிறாள். ஞாயிறு காலை வாருங்கள்.

பகலில் வந்தால் நீங்கள் தர வேண்டிய பணத்தில் ஒரு காசும் குறையாது. அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டேன்.

ஆனாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா