ஆர்வோ எதையும் அணைக்கவில்லை

எஸ்போ, ஆகஸ்ட் 4

அன்பு மகள் சைமிக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதைப் போகப் போக நீயே தெரிந்துகொள்வாய். வான்கூவரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, ஆனாலும் காட்டுக்குப் போய்ப் பதினோரு லிட்டர் நீலப்பழம் பறித்து வந்து உறைபெட்டியில் வேறு எதற்கும் இடமில்லாமல் செய்துவிட்டார். ஏரிக்கரை வீட்டில் படகுத்துறைப் பலகை மாற்றியாயிற்று. குடும்பச் செய்தி இவ்வளவுதான். போனில் கேட்டால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஆர்வோவைப் பற்றித்தான். ஜூலை மூன்றாம் தேதி கூட்டத்தில், எங்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதித் தரும் உன் கம்பெனி சார்பில் நீ திரையில் வந்து உட்கார்ந்தாய். குவாண்டம் கணினியில் ஓட்டிய ஒன்பது நாள் கணக்குகள் குப்பையாகப் போயின, அவற்றைக் கொடுத்த ஓலு நகரத்து வேதியியல்காரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள், யாராவது ஒருவர் தலை உருள வேண்டும். ஜூன் மாத நடுக்கோடைப் பண்டிகைக்குக் கிளம்பும்போது கடைசியாக வெளியே போனவர் ஆர்வோ, கதவுப் பதிவில் வியாழன் மதியம் இரண்டு பத்து. போகிற போக்கில் காபி மிஷின், விளக்கு, மின்விசிறி என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிற சிக்கனக்காரர் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே குவாண்டம் பெட்டியை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியையும் அவர்தான் அணைத்திருப்பார் என்று நீ முடிவு கட்டினாய். “இதைப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டாய். “ஒண்ணுமில்லை” என்றார். நீ உன் அறிக்கையில் “அவர் மறுக்கவில்லை” என்று எழுதிவிட்டாய். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு, சைமி. நம்மூரில் ஒருவன் வாயைத் திறக்கவில்லை என்றால் அவன் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். நீ பட்டம் வாங்கிய விருந்துக்கு வந்து நின்றபடியே கேக் தின்றுவிட்டு, வாழ்த்து என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வாசலில் கிடந்த உன் சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போன மனிதர் அவர். ஏழு வருஷம் வெளிநாட்டில் இருந்தால் இதுகூடவா மறந்துபோகும்?

அன்று சாப்பாட்டு மேஜையில் உன் அப்பா கேட்டார், “ஏன் ரைலி, அந்தக் குளிர்ப்பெட்டியும் கெடலை, உள்ள இருக்கிற சில்லும் கெடலை, அப்புறம் எதுதான் கெட்டுச்சு?” நான் அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், எனக்கே பாடமா என்று முகம் சுளிக்காதே. குவாண்டம் சில்லு தானாக ஒரு மண்ணும் செய்யாது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நம் சாதாரணக் கணினிதான் நுண்ணலைத் துடிப்பாக மாற்றிக் கம்பி வழியே உள்ளே அனுப்புகிறது. திரும்பி வருவதைப் பூஜ்யமா ஒன்றா என்று படிப்பதும் அதுதான். ஒரே கேள்வியை ஆயிரம் முறை கேட்டுப் பதில்களைக் கூட்டிக் கழிப்பதும் அதுதான். சில்லின் சுருதி மணிக்கு மணி கொஞ்சம் நழுவும், அதைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருப்பதும் அதே சாதாரணக் கணினி. பேட்டி கொடுக்கும்போது நீங்கள் எல்லோரும் தங்கக் குழாய்கள் தொங்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள், இந்தச் சாதாரணக் கணினி இருக்கும் எங்கள் சாம்பல் நிற அலமாரிக்குப் பக்கத்தில் ஒருத்தரும் நிற்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் பேச்சு நின்றால் இரண்டுமே தண்டம். உன் அப்பா கேட்டுவிட்டு, “அப்போ நம்ம வீடு மாதிரிதான், பேசறது எல்லாம் நீ, நான் சும்மா குளிர்ல உட்கார்ந்திருக்கேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுமுறை முடிந்து போன வியாழக்கிழமை நான் கட்டுப்பாட்டுக் கணினியின் பதிவேட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். உன் அறிக்கையில் இரண்டே வரியில் கடந்துபோன பதிவேடுதான். கட்டுப்பாட்டுக் கணினி ஓய்ந்தது வெள்ளி மதியம். ஆர்வோ கிளம்பியது வியாழன் மதியம். வெள்ளியன்று அவர் இருநூறு மைல் தள்ளி ஏரி நடுவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கணினியை யாரும் அணைக்கவில்லை, இருபத்துநாலு மணி நேரம் வேலை வராததால் அதுவே தூங்கப் போயிருக்கிறது. அப்படித் தூங்கச் சொல்லும் விதி மார்ச் மாதம் மென்பொருளில் சேர்க்கப்பட்டது, எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் உன் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலை வந்ததும் விழித்தது. தூங்கிய கிட்டத்தட்ட மூன்று நாளை அது கணக்கில் சேர்க்கவில்லை, சுருதி பார்த்து இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு பழைய அளவிலேயே துடிப்பை அனுப்பியது. பிறகு செய்த திருத்தமெல்லாம் அந்தத் தப்பான அளவைச் சுற்றியே, அதனால்தான் ஒன்பது நாளும் வீண். எந்த இயந்திரமும் ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்காது என்று நினைத்து எழுதியிருக்கிறாய். நாடே கதவைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிற பண்டிகையை எஸ்போவில் பிறந்த நீ மறந்துவிட்டாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் எழுதினாய், அதுதான் என் வயிற்றெரிச்சல். இதைவிடப் பெரியது இன்னொன்று. அந்தப் பதிவேட்டை எனக்கு முன்னால் ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார், ஜூலை ஒன்றாம் தேதி, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. ஆர்வோதான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த அறையில் வந்து “ஒண்ணுமில்லை” என்று சொல்லியிருக்கிறார். கேபிள் அறையில் பிடித்து நிறுத்திக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. கையிலிருந்த கம்பியை விடாமல், “விடு ரைலி. உன் பொண்ணு பேரு இருந்துச்சு. அவ இப்பதான் மேல வர்றா. எனக்கு அம்பத்தொன்பது” என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் ஒரேயடியாக இவ்வளவு பேசியது அன்றுதான். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான், நானும்தான் வாயைத் திறக்கவில்லை, உன்னைத் திட்டுவதில் பாதி என்னைத் திட்டுவது.

ஆகஸ்ட் இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரை வேலையிலிருந்து நீக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். இந்த வயதில் வெளியே போட்டால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். அதற்குள் நீ எழுத வேண்டும், விதி என்னுடையது, தவறு என்னுடையது, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. உன் கம்பெனியில் உனக்கு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது, நான் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. எதுவானாலும் அது உன்னுடையது, ஆர்வோவுடையது அல்ல. நீ எழுதாவிட்டால் அன்று காலை நான் எழுந்து நிற்பேன், பதிவேட்டின் நகல் என் பையில் இருக்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் நான் பேசியதில்லை. என் முதல் பேச்சை என் மகளுக்கு எதிராகப் பேச வைக்காதே.

நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும், நீ எங்கிருந்தாலும் எங்கள் பிள்ளைதான், அதில் எந்த மாற்றமும் இல்லை. பாஸ்போர்ட் அக்டோபரில் முடிகிறது, புதுப்பிக்க மறக்காதே. அப்பா அன்பு சொல்லச் சொன்னார்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா ரைலி