எரியும்போது ஏறாத தண்ணீர்

நவம்பர் 18, செவ்வாய்

தாராவி மாலை வகுப்பில் இன்று மெழுகுவத்தி சோதனை. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன் மேல் கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது, தண்ணீர் கிளாஸுக்குள் ஏறியது. உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று, என்றோ வாங்கிய கெமிஸ்ட்ரி பட்டத்தின் மிடுக்கோடு சொன்னேன். எட்டாம் வகுப்பு இசக்கிசெல்வி மட்டும் எழுதவில்லை.

“மிஸ், எரியும்போது தண்ணி ஏறலயே. அணைஞ்ச பொறவுல்லா ஏறுச்சு?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்ல மிஸ். சாயா கிளாஸ கொதி தண்ணியில கழுவி ஈரத்தட்டுல கவுத்துனாலும் தண்ணி உள்ள ஏறும். அதுல மெழுகுவத்தி ஏது?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“பாத்திரம் தேய்க்கறதெல்லாம் சயின்ஸ் ஆகாது. புஸ்தகத்துல இருக்கறதை எழுது” என்றேன். எழுதினாள்.

நவம்பர் 19

அவள் அம்மா சொர்ணம்மாள் மாட்டுங்காவில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்ப்பவள். நேற்றும் எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வந்ததா அந்த வார்த்தை?

நவம்பர் 25

அறிவியல் கண்காட்சியில் மெழுகுவத்தி சோதனையைச் செய்துகாட்ட மாரீஸ்வரனைத் தேர்ந்தெடுத்தேன். இசக்கிசெல்வியைத்தான் முதலில் நினைத்திருந்தேன். இவன் கேள்வி கேட்கமாட்டான், சொன்னதை அப்படியே ஒப்பிப்பான்.

டிசம்பர் 2

இன்றும் இசக்கிசெல்வி வரவில்லை.

டிசம்பர் 13, சனி

செம்பூர் கண்காட்சியில் முதல் பரிசு, ஒரு கோப்பை. மாரீஸ்வரன் என் வாக்கியத்தை என் கையசைப்போடு ஒப்பித்தான். நடுவர் தலையாட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நானே செய்து பார்த்தேன். ஒரு மெழுகுவத்திக்குக் கொஞ்சம் ஏறியது, மூன்று வைத்தால் நிறைய ஏறியது. கிளாஸ் அதே கிளாஸ், ஆக்சிஜன் அதே ஆக்சிஜன். பிறகுதான் தேடிப் படித்தேன். சூட்டில் காற்று விரிந்து வெளியேறுகிறது. சுடர் அணைந்து ஆறும்போது மிச்சக் காற்று சுருங்க, தண்ணீர் உள்ளே போகிறது. சாயா கிளாஸிலும் அதேதான்.

“தெரியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா கிரீடமா எறங்கியிருக்கும் நோக்கு?” என்றார் என் கணவர் கிட்டு.

அந்தக் குழந்தை கண்ணால பார்த்ததைச் சொன்னா. நான் என்ன சொன்னேன் — சீ. கோப்பையைப் பீரோக்குள்ள தள்ளிட்டேன். பார்க்கவே கூசறது.

டிசம்பர் 14

இசக்கிசெல்வி வீட்டுக்குப் போனேன். இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, சொர்ணம்மாள் சாயா கொடுத்தாள்.

“ஒங்க வகுப்புக்குப் போமாட்டேங்கா மிஸ். கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கா. என்ன தப்பு செஞ்சா, சொல்லுங்க. நான் கண்டிக்கேன்.”

தப்பு என்னுடையது என்று சொல்லத்தானே போனேன்? “அவ ஒண்ணும் பண்ணலை. அனுப்பி வையுங்கோ” என்றதோடு நின்றுவிட்டது. நான் குடித்த கிளாஸை இசக்கிசெல்வி எடுத்துப்போய்க் கழுவினாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

டிசம்பர் 16

வந்தாள். அம்மா அனுப்பியிருக்கிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நான் கற்றுக்கொடுத்தது தப்பு, இசக்கிசெல்வி பார்த்தது சரி, பாத்திரம் தேய்ப்பதைப் பற்றி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

“அப்ப கப்ப திருப்பிக் குடுக்கணுமா மிஸ்?” என்றான் மாரீஸ்வரன். ஆமாம் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. அதுவும் என்னால்தான்.

இசக்கிசெல்வியை முன்னால் வந்து செய்துகாட்டச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“வேண்டாம் மிஸ். புக்குல உள்ளதையே எழுதிக்கிடுதேன்.”

நான் கற்றுக்கொடுத்தவற்றில் அவள் மறக்காதது இந்த ஒன்றுதான்.

டிசம்பர் 18, வியாழன்

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாரீஸ்வரனும் கூட வந்தான்.

வகுப்பில் தட்டும் தண்ணீரும், பக்கத்தில் சூடான சாயா கிளாஸ்களும் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிறகு இசக்கிசெல்வி எழுந்து போனாள். ஒரு கிளாஸில் இருந்ததை மடமடவென்று குடித்துவிட்டு, தட்டில் கவிழ்த்தாள். விளிம்பில் சின்னக் குமிழிகள். கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் உள்ளே ஏற ஆரம்பித்தது. எல்லாரும் சுற்றி நெருக்கினார்கள்.

“ஏன் மிஸ் ஏறுது?” முத்துமாரி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கிசெல்வி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“மிஸ்கிட்ட கேக்காத. கிளாஸப் பாரு.”

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.