சிந்துஜா எண்ணிய அறுபது

ஓமான்

அன்புள்ள சத்யாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலியும் பிள்ளையின் சளியும் தேவலையா? போனில் கடலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். அதனால்தான் ஊருக்கு வரும் பரங்கிப்பேட்டை காசிம் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் இங்கே மணல்காற்று. கேம்ப் கதவை மணல் மூடி, ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்தோம். ஒரே சிரிப்பு. அங்கே கடல் மணலை அள்ளிக்கொண்டு போகிறது, இங்கே காற்று கொண்டுவந்து கொட்டுகிறது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் வாசலிலிருந்து அலை வரை நடந்து எண்ணுவேனே, போன வருஷம் எண்பது தப்படி வந்தது. இந்த மாசம் அறுபது என்றாய். நிம்மதியாகத் தூங்கினேன். நேற்று போனில் சிந்துஜா சொல்கிறாள்: “அப்பா, நாந்தான் நடந்து எண்ணுனேன். அம்மாதான் எண்ணச் சொல்லுச்சு.”

ஐந்து வயசுப் பிள்ளையின் அறுபது எனக்கு முப்பதுதான், சத்யா.

திட்டவில்லை. பட்டாவை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு, அன்பரசு மச்சான் வீட்டுக்குப் போய்விடு. சிந்துஜாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கணும். உன் பாதத்தையும் வரை.

பாய் கிளம்புகிறார். அடுத்த பௌர்ணமிக்கு அந்த வாசலில் எண்ண ஆள் இருக்கக் கூடாது.

ராஜவேல்