பட்டுக்கு எவ்வளவு சூடு

ஐயப்பன்தாங்கல்,
3-2-2025

வீட்டுக்காரருக்கு சாவித்திரி எழுதுவது. அக்கா வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையே சண்டையாகிறது, அதனால்தான் கடிதம்.

அக்கா மகள் நிஷாவுக்கு இந்த மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம். பீரோவில் இருக்கும் என் அரக்குப் பட்டுப் புடவையையும் நீல ஜார்ஜெட்டையும் பக்கத்து வீட்டு வரலட்சுமியிடம் கொடுத்தனுப்புங்கள். அவள் வேலைக்கு இந்தப் பக்கம்தான் வருகிறாள். கசங்கியிருந்தால் கசங்கியே இருக்கட்டும். அயர்ன் பாக்ஸைத் தொட்டுத் தொலைக்காதீர்கள்.

எப்போது வருவேன் என்று அவளிடம் கேட்டீர்களாம். காய்ச்சலில் சுருண்டு கிடந்த என்னிடம் சட்டையை நீட்டி, "இன்னாடி, இன்னும் தேய்க்கலியா?" என்றீர்களே. தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இன்னொரு முறை அப்படி எழுந்து நிற்க என்னால் ஆகாது.

சாவித்திரி

கள்ளிக்குப்பம்,
7-2-2025

அன்புள்ள சாவித்திரிக்கு,

சொன்னால் கேட்கிற ஆளா நான்? தொட்டுவிட்டேன். முதலில் என் கம்பெனி பேண்ட். வைத்த கையை எடுப்பதற்குள் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை வருஷம் உலை முன்னால் நிற்கிறேன். இரும்பு சிவந்தால் எவ்வளவு சூடு, மஞ்சளானால் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே சொல்வேன். இந்தப் பெட்டி எவ்வளவு கொதித்தாலும் நிறமே மாறுவதில்லையே. இதை வைத்துக்கொண்டு நீ எப்படி ஒரு துணியைக்கூடப் பொசுக்காமல் இருந்தாய்?

வரலட்சுமியைக் கேட்டேன். "அண்ணாத்தே, திருகாண்ட எழுதிகீது பாரு. நைலான், சில்க், காட்டன்னு" என்றாள். சூட்டைக் கூட்டிக் குறைக்க அந்தத் திருகைத் திருப்பலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திருகைக் குறைந்த சூட்டில் வைத்து, ஜார்ஜெட்டை உள்பக்கம் திருப்பி, மேலே என் பழைய வேட்டியைப் போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்து, அப்புறம்தான் முழுசும். வேட்டியை எடுத்தால் ஒரு சுருக்கம் இல்லை, சாவித்திரி. கண்ணாடித் தண்ணீர் மாதிரி கிடந்தது. இரும்பை வழிக்குக் கொண்டுவர அடி அடியென்று அடிக்க வேண்டும். இது வெறும் சூட்டுக்கே பணிகிறது. சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜார்ஜெட் இத்துடன் வருகிறது. பட்டுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உன்
திருமுருகன்

ஐயப்பன்தாங்கல்,
10-2-2025

வீட்டுக்காரருக்கு,

ஜார்ஜெட் வந்தது. கடையில் கொடுத்தீர்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். வரலட்சுமி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அக்கா, "அந்த மனுசனா தேச்சாரு? சும்மா சொல்லாதடி" என்கிறாள். என் துணியை இன்னொருவர் தேய்த்துக் கொடுத்து நான் கட்டியதே கிடையாது.

பட்டில் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். காட்டனுக்குத்தான் அது. பட்டில் சொட்டு விழுந்த இடம் திட்டாக நின்றுவிடும். ஜரிகை மேல் பெட்டி நேராகப் படக் கூடாது. கை ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.

சாவித்திரி

கள்ளிக்குப்பம்,
14-2-2025

அன்புள்ள சாவித்திரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் தெளித்துவிட்டேன். கொதிக்கிற எதையும் தண்ணீரில் முக்கியே பழகின புத்தி. இடுப்புப் பக்கம் இரண்டு திட்டு விழுந்துவிட்டது. திட்ட வேண்டுமானால் திட்டு.

அதற்கப்புறம் நீ எழுதியபடிதான் செய்தேன். நிறம் சொல்லாத பெட்டியை எப்படி நம்புவது? ஒவ்வொரு தடவையும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துத்தான் பட்டின் மேல் வைத்தேன். கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் ஆறும்வரை காத்திருந்தேன். நேற்று சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று. முந்தானை விரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நேராகப் பார்த்தால் அரக்கு, சாய்த்தால் கறுப்பு. இத்தனை நாள் நம் பீரோவிலா இருந்தது இது? நீ கட்டிக்கொண்டு எத்தனை கல்யாணத்துக்கு என் பக்கத்தில் நடந்திருப்பாய்.

எப்போது வருகிறாய்?

உன்
திருமுருகன்

ஐயப்பன்தாங்கல்,
18-2-2025

அன்புள்ள உங்களுக்கு,

பட்டு வந்தது. திட்டு கொசுவத்துக்குள் மறைந்துவிடும், விடுங்கள். மடிப்பைக் கலைக்க மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பட்டு தாங்குமா என்று புறங்கையால் சூடு பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு அந்தக் கையை என் நெற்றியில் ஒரு தரம் வைத்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆத்திரமாக வந்தது. அழுதும் விட்டேன். அப்புறம் பிரமிப்பாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். உங்கள் கைக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு வாருங்கள். ஆனால் அன்றைக்கே உங்களோடு கிளம்பிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். கசங்கின சட்டையோடு வேலைக்குப் போவாரே என்ற கவலைதான் இதுவரை என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை. உங்கள் சட்டைக்காக இனி நான் வர வேண்டியதில்லை.

உங்களுக்காக வரத் தோன்றுகிறதா என்று பார்க்கிறேன். எனக்கு அவகாசம் கொடுங்கள்.

உங்கள்
சாவித்திரி